மதிரான் ஒயினுக்கு மீன்

எர்மின் கசநாவுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். கொஞ்சமா! பாதிரியார் பிரசங்கத்தை இழுத்தால் முன்வரிசையிலிருந்தே "அடுப்புல சூப்பு தீயுது சாமி" என்று கத்துகிற வாய் அது. யாரையும் "வா, சாப்பிடு" என்று அழைத்த பழக்கம் மட்டும் அதற்குக் கிடையாது.

எங்கள் மதிரான் ஊர் மேட்டில் ஐந்து ஏக்கர், தன்னா என்கிற கறுப்பு ஒயின் திராட்சை. கொடி நட்டவன் அவள் புருஷன். நிலமோ மாமனார் பேரில் இருந்தது. புருஷன் பிள்ளையில்லாமல் செத்ததும், அது கொழுந்தன் ஃபெர்னானுக்குப் போயிற்று. முப்பது வருஷமாகப் பனியில் கொடி கழித்து, வெயிலில் பழம் பறித்து, விரலெல்லாம் கறுத்துப்போனது எர்மினுக்கு. ஃபெர்னான் தார்ப் நகரத்தில் கார் விற்றுக்கொண்டிருந்தான். நியாயம் எப்படி இருக்கிறது பாருங்கள்.

போன மார்ச் மாதம் நிலத்தை வாங்க ஆள் பிடித்துவிட்டு வந்தான்.

"அண்ணி, ஞாயித்துக்கிழமை வாங்கறவர் சாப்பிட வர்றாரு. கொழுப்புல ஊறப்போட்ட வாத்தை எடுத்து வறுத்துடுங்க. நம்ம ஒயினு எடுபடணும்."

"என் புருஷன் நட்ட கொடிய நீ வித்துத் திங்க, நான் ஆக்கிப் போடணுமாக்கும்?"

"ஆமா. நீங்க குடியிருக்கற வீடும் என் பேர்லதான் இருக்கு."

எர்மின் "சரி, ஆக்கறேன்" என்றாள். அவள் அடங்கிப் பேசினால் பயப்பட வேண்டும். அந்த மடையனுக்கு அது உறைக்கவில்லை.

மதிரான் ஒயின் துவர்ப்பு மிகுந்தது, நாக்கைப் பிடித்து இழுக்கும். வாத்துக் கொழுப்பு கூட இறங்கினால்தான் பணியும். உப்பு மீனோடு குடித்தால் வாயெல்லாம் இரும்பு வாடை. இது எங்கள் ஊரில் நாய்க்குக்கூடத் தெரியும்.

ஞாயிறு வந்தது. வாங்க வந்த தெலப்ளாஸ் வெளியூர்க்காரர், சாந்தமான மனிதர். அவர் முன்னால் எர்மின் வைத்த தட்டில் உப்பிட்ட காட் மீன் ஆவி பறந்தது. ஃபெர்னானுக்கு முகம் வெளுத்தது.

"வாத்து எங்க?"

"கெட்டுப்போச்சு."

பச்சைப் பொய். உக்கிராணத்துப் பானையில் ஆறு வாத்துத் தொடைகள் அருமையாகக் கிடந்தன.

தெலப்ளாஸ் ஒரு வாய் மீன் தின்று, ஒரு மடக்குக் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்து இன்னொரு மடக்கு.

"துருப்பிடிச்ச ஆணியச் சப்புன மாதிரி இருக்கே."

"அவ்வளவுதாங்க முசியே," என்றாள் எர்மின். "இதை மனுஷன் குடிப்பானா?"

அவர் தலையாட்டினார். நன்றி சொல்லி எழுந்தார். இரண்டு ஆண்களும் கார் பக்கத்தில் கால் மணி நேரம் நின்று பேசினார்கள். எர்மின் பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவினாள்.

ஃபெர்னான் சிரித்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"என்னடா, ஓடிட்டானா?"

"வாங்கறாரு. கை குடுத்தாச்சு."

"ஒயினே நல்லால்லைன்னானே!"

"அதேதான் அண்ணி. காலைல வரைக்கும் கொடிய அப்படியே விட்டுட்டு, உங்களையே பாத்துக்கச் சொல்லலாம்னு இருந்தாரு. ஒரு மடக்குக் குடிச்சாரு, மனசு மாறிடுச்சு. எல்லாத்தையும் வேரோட பிடுங்கிட்டுக் கிவிப்பழம் போடப் போறாராம். எல்லாம் உங்க கைப்பக்குவம்!"

சோப்பு நுரை ஒழுக எர்மின் அப்படியே நின்றாள். வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. உக்கிராணத்துக்குப் பாய்ந்து வாத்துப் பானையை மார்போடு அணைத்துக்கொண்டு, அறுபத்தெட்டு வயசுக் காலோடு கொடிகளுக்கு நடுவே சரிவில் ஓடினாள்.

"முசியே! வாத்து இருக்கு! பொய் சொல்லிட்டேன், முசியே! வாங்க, வந்து சாப்பிட்டுப் போங்க! ஒரே ஒரு வாய்!"

கார் அடிவாரத்தில் திரும்பி, தார்ப் சாலையில் போய்விட்டது.