வெறும் பெட்டிகளும் நஸீர் நானாவும்

நஸீர் நானா மௌத்தாகிவிட்டார் என்று கம்பளை நிவாரண ஸ்டோருக்குச் செய்தி வந்தபோது நான் பருப்புப் பொதி கட்டிக்கொண்டிருந்தேன். நெஞ்சுவலியாம். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. அவருடைய மனைவி பிளேன்டீ தந்தார். என்ன சொல்வதென்று தெரியாமல் குடித்துவிட்டு வந்தேன். அங்கே சொல்லாததை அவரை அறிந்த உங்களுக்கு எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நான் இந்த நிவாரண ஸ்டோரில் சேர்ந்தபோது அவர்தான் லொறி சாரதி. நான் யாருடனும் பேசமாட்டேன். "இந்தப் புள்ளட வாய்க்கும் சீல் வெச்சா அனுப்பீக்கிறாங்க?" என்று கேட்பார். ஆனால் லொறியிலிருந்து பொருட்களை இறக்கிச் சனங்களுக்குக் கொடுக்கும்போது அவரும் பேசமாட்டார். எப்போதும் மலைப்பக்கம் பார்த்துக்கொண்டே கொடுப்பார். "வாங்குற ஆள்ட மொகத்தப் பாக்கப்படாது, புள்ள. அவங்களுக்கு வெக்கமா ஈக்கும்" என்றார் ஒருநாள்.

நாவலப்பிட்டிக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மண் சரிந்து, நாங்கள் குடியிருந்த லயங்கள் இடிந்தன. ஒரு வெளிநாடு கூடாரங்கள் அனுப்பியது. அவை பல்லேகலயில் ஒரு களஞ்சியத்தில் கிடந்தன. அவற்றைக் கையளிக்கும் விழாவுக்குத் தூதுவருக்கும் மந்திரிக்கும் நாள் ஒத்துவரவில்லை. அந்த நாட்டுக்கு அரசாங்கத்திடம் ஏதோ ஒப்பந்தம் ஆகவேண்டியிருந்தது, மந்திரிக்குத் தேர்தல் வந்துகொண்டிருந்தது என்று ஸ்டோரில் பேசிக்கொண்டார்கள். மழை மட்டும் யாருக்காகவும் நிற்கவில்லை.

கடைசியில் நாள் குறித்தார்கள். எங்கள் மேற்பிரிவில் மேடைக்கு அருகே அடுக்கி வைக்க, முதல்நாளே கூடாரப் பெட்டிகளை ஏற்றிவரச் சொன்னார்கள். நஸீர் நானா வந்து சேர்ந்தபோது பெருமழை. சனங்கள் ஒழுகும் கோயில் மண்டபத்தில் நெருங்கி நின்று நனைந்தார்கள். அவர் பெட்டிகளைத் திறந்துவிட்டார். "பாத்துக்கொண்டு நிக்கவா கொண்டுவந்த? விரிங்க."

மாலையில் ஓர் அதிகாரி வந்து எல்லாவற்றையும் கழற்றி மடித்துத் திரும்பப் பெட்டியில் வைக்கச் சொன்னார். தூதுவர் கையால் கொடுத்தால்தான் கொடுத்ததாகுமாம்.

"உள்ள பச்சப்புள்ள தூங்குது சேர். புள்ளையோட சேத்து மடிக்கவா?" என்று கேட்டார் பக்கத்து லயத்து அக்கா.

நஸீர் நானா குறுக்கே வந்தார். "பெட்டிய மட்டும் குடுங்க சேர். உள்ளுக்கு என்ன ஈக்குதுன்னு போட்டோவுல விளங்காது." அதிகாரி யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

மறுநாள் வெறும் பெட்டிகளுக்கு நாடா ஒட்டி அடுக்கினோம். வாங்குகிறவர்களின் வரிசையில் என்னையும் நிறுத்தினார்கள். "பாரமா ஈக்கிற மாதிரி தூக்கு, புள்ள" என்று நானா மெதுவாகச் சொன்னார். மந்திரி நட்புறவைப் பற்றிப் பேசிக்கொண்டே பெட்டி அடுக்கின் மேல் முழங்கையை ஊன்றினார். மேல்பெட்டி அப்படியே அமுங்கிப்போனது. ஒருவரும் சிரிக்கவில்லை. தூதுவர் அந்தப் பெட்டியைப் பார்த்தார், பிறகு சரிவில் நின்ற கூடாரங்களைப் பார்த்தார்.

நானாவிடமிருந்து லொறிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அதோடு விட்டிருக்கலாம். அந்தக் கோபத்தில், எங்கள் தோட்டத்தின் கீழ்ப்பிரிவுக்கு வரவிருந்த கூடாரங்களையும் வேறு மாவட்டத்துக்குத் திருப்பிவிட்டார்கள். கீழ்ப்பிரிவில் கிழிந்த பொலித்தீனுக்குள் படுத்திருந்த ஒரு பெரியவர் நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனார்.

அந்தச் சாவு வீட்டுக்கு நஸீர் நானா வந்தார். உள்ளே வராமல் பாதையிலேயே நின்றார். "மேல நனையாம ஈந்தாங்க, கீழ நனஞ்சி மௌத்தானாங்க. ரெண்டும் எண்ட கையாலதான்" என்றார் என்னிடம். இறந்தவரின் மகன் ஒரு கதிரையைத் தூக்கிவந்து அவருக்குப் போட்டார். "உக்காருங்க நானா" என்றார். நானா வெகுநேரம் நின்றுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

அவர் செய்தது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பிள்ளை தூங்கிய கூடாரம் தெரியும். அந்தப் பெரியவரின் முகமும் தெரியும்.

இப்போதும் பொதி கொடுக்கும் நாட்களில் யாராவது கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்து, "தங்கச்சி, இங்க பாருங்க" என்கிறார்கள். நான் பொதியை நீட்டிவிட்டு மலைப்பக்கம் பார்க்கிறேன். கூச்சம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது நஸீர் நானாவிடமிருந்து எடுத்துக்கொண்டது.