மூடியைத் தூக்கிய மாவு

மதியம் மூன்றே கால் மணிக்கு ஆலங்கட்டி விழத் தொடங்கியது. நேரம் இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்குக் காரணம், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்புறம் அண்ணன் மாட்டியிருந்த கடிகாரம். கிடர்பூர் காயலான் கடையில் வாங்கிய பழைய கப்பல் கடிகாரம் அது. அதற்கு நேர் கீழே, வாளி அடுப்பை ஒட்டி, ஒரு தூக்குச்சட்டி நிறைய இட்லி மாவு இருந்தது. மூடி அப்போது கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. மாவு எப்போது பொங்கும் என்பதுதான் அந்த நேரத்தில் வண்டிக்குள் இருந்த எங்கள் நான்கு பேருக்கும் ஒரே கவலை. கண்ணாடிக்கு வெளியே பாதி உறைந்து, பாதி உருகிய ஏரி. அதைக்கூட யாரும் சரியாகப் பார்க்கவில்லை.

அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். எங்கள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்கத்தாவின் கிடர்பூர் துறைமுகத்துக்கு வேலைக்கு வந்தவர். நாங்கள் இருவரும் இங்கேயே பிறந்தோம். அண்ணன் துறைமுகப் பட்டறையிலேயே மெக்கானிக்காகச் சேர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எதையாவது கழற்றி வேறொன்றாக மாட்டாமல் அவரால் இருக்க முடியாது. எங்கள் வீட்டு மேஜை விசிறி தையல் மெஷின் மோட்டாரில் ஓடியது. எனக்குக் கல்யாணமாகிக் காளிகாட்டுக்குக் குடி வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏதாவது ஒன்றைப் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் போவார். என் மகளுக்கு அவர்தான் உலகம். அவளை ‘மருமவளே’ என்றுதான் கூப்பிடுவார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், ஏலத்தில் விட்ட பழைய ஆம்புலன்ஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். ஆறு மாதம் அதிலேயே கிடந்தார். சரக்குப் பெட்டிப் பலகையில் இரண்டு படுக்கை, மடக்கு மேஜை, தண்ணீர்த் தொட்டி, பூப்போட்ட திரைச்சீலை, கூரையில் காற்றுக்கு ஒரு வட்டத் துளை. நாங்கள் மாஷிமா, சித்தி, என்று கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளி அம்மாள் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதில் நோயாளியை ஏற்றப் போகிறீர்களா, மீன் விற்கப் போகிறீர்களா என்று கேட்டார். அண்ணனுக்குக் கோபமே வராது. “வங்காளி ஊர் ஊராப் போயி ஓட்டல் தேடுவான். நாம ஓட்டலையே கூட்டிட்டுப் போவோம்” என்றார். போக வேண்டிய இடத்தையும் அவரே முடிவு செய்திருந்தார். ஒரு கப்பல் கம்பெனி நாட்காட்டியில் சிக்கிமின் மலை ஏரி ஒன்றின் படம் வந்திருந்தது. அந்தத் தாளை மட்டும் கிழித்து வண்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தார். மார்ச்சில் பனி உருகத் தொடங்கும், கூட்டமும் இருக்காது, அதுதான் நல்ல காலம் என்றார். மாஷிமா குளிரை நினைத்து நடுங்கிப்போய் எங்களுக்கு மூன்று குரங்குக் குல்லாய்களைக் கொடுத்தனுப்பினார்.

மகளுக்கு அப்போது எட்டு வயது. இட்லியைத் தவிர எதையும் ஒழுங்காகச் சாப்பிட மாட்டாள். சிலிகுரி தாண்டியதும் அவள் வாய் பூட்டிக்கொண்டது. மோமோ வேண்டாம், நூடுல்ஸ் வேண்டாம், ரொட்டி வேண்டாம். மலைப்பாதையில் குடித்த பாலும் வெளியே வந்தது. என் கணவர் திரும்பிப் போய்விடலாம் என்றார். எனக்கும் அதுவே தோன்றியது. அண்ணன்தான் கேட்கவில்லை. கேங்டாக்கில் நாங்கள் தங்கிய விடுதியின் சமையலறையில் கெஞ்சி, ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் அவர்கள் மிக்ஸியில் அரைத்துக்கொண்டு வந்தார். “ஏரிக்கரையில ஒக்காந்து ஒனக்கு இட்லி அவிச்சுத் தாரேன் மருமவளே. அந்த ஏரி இதுவரைக்கும் இட்லியப் பாத்திருக்காது” என்றார். சிலிகுரிக்குப் பிறகு பிள்ளை அப்போதுதான் சிரித்தாள்.

கல்கத்தா புழுக்கத்தில் மாவை இரவு மூடி வைத்தால் காலையில் வழிந்து கிடக்கும். அந்த மலையில் அது அரைத்து வைத்த சிமெண்டு மாதிரி அப்படியே இருந்தது. ஏரிக்கு வந்து சேர்ந்தபோது முற்பகல். அதற்கு மேல் பாதையில் பனி மூடிக் கிடந்ததால் அங்கேயே நிறுத்தினோம். அண்ணன் மூடியைத் திறந்து பார்த்தார். சிறிது நேரம் கழித்து மறுபடி பார்த்தார். பிறகு வண்டியின் பின்னாலிருந்து அடுப்பை இறக்கினார்.

அந்த அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரும்பு வாளியில் மண் பூசிச் செய்தது. வங்காளத்தில் உனுன் என்பார்கள். அந்த நாட்களில் எங்கள் சந்தில் பாதி வீடுகளில் அதுதான். கரித்தூளை உருட்டிக் காயவைத்த உருண்டைகளைப் போட்டு எரிப்பார்கள். சாயங்காலம் எல்லோரும் அடுப்பைத் தெருவில் வைத்துத்தான் மூட்டுவார்கள். சந்து முழுக்கப் புகை மண்டும். புகை அடங்கி, கரி சிவந்து கனியத் தொடங்கியதும் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி உள்ளே கொண்டுபோவார்கள். புகை போய்விட்டால் அடுப்பில் கெடுதல் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். யாரும் சொல்லித் தந்ததில்லை. பார்த்துப் பார்த்து வந்த அறிவு. அந்த வீடுகளில் ஜன்னல் இருந்தது, அதற்கு மேல் காற்றுத் துளை இருந்தது, கதவு என்றும் மூடியதில்லை என்பதை எல்லாம் யாரும் அந்த அறிவோடு சேர்த்துக்கொள்ளவில்லை.

அண்ணனும் முறைப்படியே செய்தார். ஏரிக்கரையில் வைத்து மூட்டினார். புகை முழுவதும் போகும்வரை பொறுமையாக நின்றார். பிறகு உள்ளே கொண்டுவந்து தூக்குச்சட்டியின் பக்கத்தில் வைத்தார். மதியம்வரை கதவு திறந்தே இருந்ததால் எதுவும் ஆகவில்லை. மூன்றே காலுக்கு ஆலங்கட்டி வந்தது. கூரைத் துளை வழியாகக் கற்கள் படுக்கையில் விழுந்தன. அண்ணன் அதை ஒரு தட்டால் மூடி, காற்றில் பறக்காமல் டேப் ஒட்டினார். கதவைச் சாத்தினோம். ஆம்புலன்ஸ் கதவு சரியாகப் பொருந்தாது. இடுக்குகளில் நான் என் பழைய சேலையைக் கிழித்துத் திணித்தேன். ஒரு இடுக்கில் மாஷிமாவின் குல்லாயையே திணித்தேன்.

கற்கள் நின்றதும் வண்டியைத் திருப்பிக் கீழே போகலாம் என்று பார்த்தால் எஞ்சின் கிளம்பவில்லை. வரும் வழியில், இரண்டு வளைவுக்குக் கீழே, ஒரு ராணுவ முகாமைப் பார்த்திருந்தோம். அண்ணனும் என் கணவரும் அங்கே போய் உதவி கேட்டு வருவதாகக் கிளம்பினார்கள். இறங்கும்போது அண்ணன் என்னிடம், “கதவத் தொறக்காதட்டி, பிள்ளைக்குச் சளி புடிச்சிரும். அடுப்பு கெடக்கட்டும்” என்றார். அவர்கள் போனதும் நான் உள்ளே தாழ் போட்டுக்கொண்டேன். ஆளில்லாத இடம், பயம்.

அதன் பிறகு நடந்ததை எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். துண்டு துண்டாகத்தான் வருகிறது. மகள் தலை வலிக்கிறது என்றாள். உயரம் அல்லவா, எனக்கும்தான் வலித்தது. கொஞ்ச நேரம் கழித்து வாந்தி எடுத்தாள். கம்பளியை இழுத்துப் போர்த்தி அடுப்புப் பக்கமாகப் படுக்க வைத்தேன். தூங்கிவிட்டாள். அவள் கன்னம் இரண்டும் நல்ல சிவப்பாக இருந்தன. சிலிகுரியிலிருந்து வெளுத்துக் கிடந்த பிள்ளைக்கு முகத்தில் நிறம் வந்துவிட்டதே, சூடு பிடித்துவிட்டதே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து தண்ணீர் குடிக்கலாம் என்று நினைத்தேன். கால் வரவில்லை. அது விசித்திரமாகவும் தோன்றவில்லை.

அண்ணன் முகாம்வரை போகவே இல்லை. என் கணவர் பின்னால் சொன்னார். முதல் வளைவு தாண்டியதும் நின்றுவிட்டாராம். “மாப்ள, நீங்க போயிட்டு வாங்க. அவ சட்டியத் தொறந்து பாக்க மாட்டா, மாவு பொங்கி வழிஞ்சிரும்” என்று சொல்லிவிட்டு அந்த வழுக்கும் பாதையில் மேலே ஓடிவந்திருக்கிறார். அந்த நேரத்தில் ஒரு மனிதனுக்கு மாவைப் பற்றிய நினைப்பா என்று என் கணவருக்கு எரிச்சல். அந்த நினைப்பு வராமல் போயிருந்தால் இன்று இதை எழுத நான் இருக்க மாட்டேன்.

கதவைத் தட்டிய சத்தம் எனக்குக் கேட்டது. யாரோ பக்கத்து வீட்டில் தட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு கண்ணாடி உடைந்தது. அண்ணன் கை உள்ளே வந்து தாழை எடுத்தது. அந்தக் கை முழுக்க ரத்தம். என்னைக் காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார். மகளைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய் ஆலங்கட்டியின் மேல் கிடத்தினார். அவள் தலை ஒரு பக்கமாகத் தொங்கியதைப் பார்த்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டார், உள்ளங்காலில் அடித்தார், வாயோடு வாய் வைத்து ஊதினார். பட்டறையில் கரண்ட் அடித்தவர்களுக்குச் செய்வார்களாம். நான் தவழ்ந்துபோக முயன்றபடி திரும்பிப் பார்த்தபோது, திறந்த கதவு வழியாகத் தூக்குச்சட்டி தெரிந்தது. மாவு பொங்கி, மூடியைத் தூக்கி, ஒரு பக்கம் வெள்ளையாக வழிந்துகொண்டிருந்தது. அவ்வளவு அழகாகப் பொங்கிய மாவை நான் பார்த்ததில்லை.

ராணுவ வண்டி வந்தது. என் கணவர் கூட்டிவந்த மருத்துவ உதவியாளர் முதலில் எங்களைப் பார்க்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்து, அடுப்பைக் காலால் உதைத்து வெளியே தள்ளிவிட்டுத்தான் பிள்ளையின் முகத்தில் ஆக்ஸிஜனை வைத்தார். கரி அடுப்பின் நச்சுக்காற்று, ஆனால் மூச்சு இருக்கிறது, காற்றில் போட்டது நல்லதாயிற்று என்று இந்தியில் சொன்னார். மறுநாள் முகாம் மருத்துவமனையில்தான் அவள் கண் விழித்தாள். என் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். அது யாரென்று யோசிக்கிற பார்வை.

அங்கே, அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடி, குரல் உயர்த்தியே பழக்கமில்லாத என் கணவர் அண்ணனிடம் சொன்னார்: “இனிமே நீங்க எங்க வீட்டுக்கு வர வேண்டாம்.” அண்ணன் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டு, “சரி மாப்ள” என்றார். நான் மகளின் போர்வையை இழுத்துவிட்டேன்.

அவர் வரவில்லை. காளிகாட்டுக்கும் கிடர்பூருக்கும் நடுவே டிராமில் ஏறினால் அரை மணி நேரம்கூட ஆகாது. அந்தத் தூரத்தை அவர் வருஷக்கணக்காகக் கடக்கவில்லை. வண்டியைக் காயலான் கடைக்கே போட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். கல்யாண வீடுகளில் பந்தியின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருப்பார். பொங்கலன்று காலையில் ஃபோன் வரும். “பிள்ள நல்லாருக்காளா?” “நல்லாருக்காண்ணே.” அவ்வளவுதான்.

நல்லாயிருக்கிறாளா என்பது எனக்கே நிச்சயமில்லாமல்தான் அந்தப் பதிலைச் சொல்லி வந்தேன். சில மாதங்கள் பேச்சு தடுமாறியது, பிறகு சரியாயிற்று. படித்தாள், கல்லூரிக்கும் போனாள். ஆனால் அவள் ஒரு சாவியை எங்கே வைத்தோம் என்று தேடினால்கூட கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பேன். எல்லாப் பிள்ளைகளும் சாவியைத் தேடுகிறார்கள். என் பிள்ளை தேடும்போது மட்டும் எனக்கு அந்தச் சிவந்த கன்னம் தெரியும். வீட்டில் மாவு பொங்க விடுவதில்லை. கொஞ்சம் எழும்பியதுமே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். எங்கள் வீட்டு இட்லி கல் மாதிரி இருக்கிறது என்று அவளே கேலி செய்வாள்.

போன மார்ச் மாதம், தோழிகளோடு சிலிகுரியில் வேன் எடுத்துக்கொண்டு அதே ஏரியைப் பார்க்கப் போவதாகச் சொன்னாள். இருபத்தோரு வயதுப் பெண்ணை எப்படித் தடுப்பது? அழுதேன், சண்டை போட்டேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்தேன். கடைசியில் அண்ணனுக்கு ஃபோன் செய்தேன். “நீ வந்து சொன்னாக் கேப்பாண்ணே. போக வேண்டாம்னு சொல்லு.” “நான் எப்படிட்டி வர?” என்றார். பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் தலையை நிமிர்த்தவில்லை. “வரச் சொல்லு” என்றார்.

அவள் கிளம்புகிற அன்று காலையில் வந்தார். நரைத்து, இளைத்து, சட்டைக் கையை மணிக்கட்டுவரை இறக்கி விட்டிருந்தார். அந்தத் தழும்பை மறைக்கத்தான். என் கணவர் கதவைத் திறந்து ஒதுங்கி நின்றார். அண்ணன் கையில் அந்தத் தூக்குச்சட்டி இருந்தது. மேலே ஈரத் துண்டு கட்டியிருந்தது. கிடர்பூரிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். வழியில் வெயிலுக்கு மாவு பொங்கி, மூடி துண்டை முட்டிக்கொண்டு நின்றது.

மகள் பையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். கதை முழுவதும் அவளுக்குத் தெரியும். நினைவில் இருப்பது பாச்சை உருண்டை மாதிரி வெள்ளைக் கற்கள் மட்டும்தான். “என்ன மாமா, ஒரு இட்லிக்கு இவ்ளோ வருஷமா?” என்றாள். அவர் சிரிக்க முயன்றார். போகாதே என்று அவர் சொல்வார் என நான் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. இரவில் வண்டிக்குள் எதையும் எரிக்கக் கூடாது என்று மட்டும் அவள் தலையைத் தொட்டுச் சொன்னார்.

பிறகு சமையலறைக்குள் போய்த் தூக்குச்சட்டியை மேடையில் வைத்தார். நான் துண்டை அவிழ்த்தேன். மூடி தானாகவே சரிந்தது. பயம் போய்விட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். போகவில்லை. அன்று சாயங்காலம் அவள் ரயில் ஏறினாள், திரும்பி வரும்வரை நான் தூங்கவில்லை.

ஆனால் அந்தக் காலையில் அண்ணன் அடுப்பின் பக்கம் போகாமல், வருஷக்கணக்கில் பெயிண்ட் ஒட்டி இறுகிக் கிடந்த எங்கள் சமையலறை ஜன்னலிடம் போனார். உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, முழுவதுமாகத் திறந்து, மறுபடி மூடிக்கொள்ளாமல் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே பார்த்தபடியே சொன்னார்:

“அடுப்ப நீ பத்த வைட்டி. சன்னல நான் பாத்துக்கிடுதேன்.”