சிரித்தால் விழுகிற அத்தை

என் அத்தையைக் கீழே விழவைக்க எனக்கு ஒரு கொட்டாங்கச்சி போதும். அதைத் தலையில் கவிழ்த்து, வயிற்றை முன்னே தள்ளி, எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை மாதிரி, கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்து வாசலில் நடந்து காட்டுவேன். அத்தைக்குச் சிரிப்பு வரும். வந்ததும் கன்னம் தொங்கும், முழங்கால் மடங்கும், பொத்தென்று தரையில் சரிந்துவிடுவாள். கண் திறந்திருக்கும், காது கேட்கும், கை கால் மட்டும் பேச்சைக் கேட்காது. கொஞ்சம் பொறுத்து எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, "போடி குட்டிப் பிசாசே, இன்னொருவாட்டி நட" என்பாள். உலகத்து அத்தைகள் எல்லாரும் இப்படித்தான் விழுவார்களாக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

அத்தை அப்பாவின் தங்கை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நாங்கள் மலாயாவில் கோப்பெங் பக்கம் ஒரு கித்தா தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், இருந்தோம். அவளுக்கு இன்னொரு கோளாறும் உண்டு, பகல் தூக்கம். பால் வெட்டும்போதே மரத்தில் நெற்றியை முட்டுக்கொடுத்துத் தூங்குவாள். சோற்றில் கைவைத்தபடியே தூங்குவாள். சோம்பேறி என்றார் கங்காணி. திருட்டுக் கள் குடிக்கிறாள் என்றார்கள் பக்கத்து வீட்டுப் பெண்கள். முனி பிடித்திருக்கிறது என்று பூசாரி வேப்பிலையால் அடித்தார். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினாவைக் கொடுத்தார். அந்த மனுஷரிடம் கால் முறிந்து போனாலும் கொயினாதான். அத்தை திட்டு, அடி, கசப்பு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு மறுபடியும் தூங்கினாள். இது ஒரு வியாதி, இதற்கு ஒரு பெயரும் இருக்கிறது, சிரித்தால் விழுவதும் அதில் சேர்ந்ததுதான் என்று ஈப்போ டாக்டர் ஒருவர் எனக்குச் சொன்னபோது என் தலை நரைத்திருந்தது. அத்தை போய்ச் சேர்ந்தே வெகு காலம் ஆகியிருந்தது.

ஒருநாள் அவள் தன் மர நிரையில் தூங்குவதைத் துரையே பார்த்துவிட்டார். கங்காணி வீட்டுக்கு வந்து, "இன்னொரு தடவை பாத்தா தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிருவாராம்லா" என்று சொல்லிவிட்டுப் போனார். அது பைத்தியக்கார ஆஸ்பத்திரி. உள்ளே போன பெண்ணை எவன் கட்டுவான்? அன்றைக்கு அப்பா சாப்பிடவே இல்லை.

அம்மாவுக்குத்தான் ஒன்று பட்டது. என்னைக் கையோடு இழுத்துக்கொண்டு பூசாரியிடம் போனாள். "சாமி, அவ விழுறப்பல்லாம் இந்தச் சனியன் எதுத்தாப்புல நிக்கிது." பூசாரி நான் பிறந்த நட்சத்திரத்தைக் கேட்டார், விரலை மடக்கினார், உதட்டைப் பிதுக்கினார். என் ராசி அத்தைக்கு ஆகாதாம். நான் அவள் கண்ணில் படவே கூடாதாம்.

அவ்வளவுதான். அத்தை வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் என்னை அடுத்த லயத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அம்மா விடிகாலையில் அவளுக்குக் கடுங்காப்பி கொடுத்து அனுப்புவாள். வெட்டின பாலைக் கொட்டிக் கொடுத்துவிட்டு வந்ததும் பாய் போட்டுக் கொஞ்சம் தூங்க வைப்பாள். ஆச்சரியம், அத்தை விழுவது நின்றேபோனது. நிரையில் தூங்குவதும் குறைந்தது. சிரிக்கவைக்க ஆள் இல்லாத வீட்டில் அவள் எப்படி விழுவாள்? பூசாரிக்கு ஒரு சேவல் கிடைத்தது. எனக்கு ராசி கெட்டவள் என்ற பெயர் கிடைத்தது.

சித்தியவான் தோட்டத்திலிருந்து மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணப் பந்தலுக்குக்கூட என்னை விடவில்லை. பாட்டும் மேளமும் காதில் விழ, அடுத்த லயத்தில் உட்கார்ந்து அழுதேன். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டதும் பொறுக்கவில்லை. கொட்டாங்கச்சியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினேன். மாட்டு வண்டிக்குப் பக்கத்திலேயே வயிற்றைத் தள்ளிக்கொண்டு துரை நடை நடந்தேன். அத்தை ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள். பார்த்த வேகத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். இரண்டு கையாலும் வண்டிச் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு திரும்பவே இல்லை. அட, இவளும் ராசியை நம்பிவிட்டாளே என்று எனக்கு நெஞ்சு வெடித்துவிட்டது.

அடுத்த தீபாவளிக்கு மாமா மட்டும் வந்தார். அத்தைக்கு மாசம் ஏறியிருந்ததால் வண்டியில் அலைக்க வேண்டாமென்று விட்டுவிட்டு வந்திருந்தார். காப்பி குடித்துக்கொண்டே அம்மாவைக் கேட்டார்.

"இது என்னக்கா உங்க வீட்டு வழக்கம்? அவ உங்க குட்டிப் பிசாசு பேச்சை எடுக்கணும்னா முதல்ல தரையில உக்காந்துக்கிறா. செவுத்துல நல்லா சாஞ்சுக்கிறா. அப்புறந்தான் வாயத் திறக்கிறா. பேசி முடிச்சாலும் கொஞ்ச நேரம் எந்திரிக்கிறதே இல்ல."

அம்மா எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

நான் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். என் ராசி சித்தியவான் வரைக்கும் போய் அவளைப் பிடித்திருக்கிறது, அதற்குப் பரிகாரமாகத்தான் பாவம் இப்படித் தரையில் உட்காருகிறாள் என்று எனக்குப் பட்டது. அத்தையை எனக்கு அவ்வளவு பிடிக்கும். மாமா போன பிறகு, ஒளித்து வைத்திருந்த கொட்டாங்கச்சியை எடுத்து அம்மாவின் அடுப்பில் போட்டேன். இனிமேலாவது அத்தை தரையில் உட்கார வேண்டியிருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.