கொல்லை வாசல் இல்லாத வீடு

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் யார் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது, வீட்டில் வாயாடி நான்தான் என்று சொல்லித் தம்பி என் தலையில் கட்டிவிட்டான். அப்பாவைப் பற்றிப் பேச எனக்குக் கசக்குமா?

அப்பா பிறந்தது திருவிடைமருதூருக்குத் தெற்கே, வாய்க்கால் ஓரமாக இருக்கும் எங்கள் தெருவில்தான். தாத்தா மிராசுதார் வீட்டுப் பண்ணையாள். அப்பாவும் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு அதே வயலில் இறங்கினார். குடிசை எங்களுடையது, அது நின்ற மனை மிராசுதாருடையது. அவர் முகம் கோணினால் தெருவே கூரையைப் பிரித்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். கூலிக்கும் மனைக்கும் ஊருக்கு ஊர் சண்டை நடந்த காலம் அது.

ஒவ்வொரு தேர்தலுக்கும் கட்சிக்காரர்கள் வருவார்கள். எங்கள் தெருவுக்குள் வந்து, பட்டா தருகிறோம் என்று மெல்லச் சொல்வார்கள். மிராசுதார் வீடு இருக்கும் பெரிய தெருவில் மேடை போட்டால் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். ஒரு சட்டமன்றத் தேர்தலில் அப்பா யாரிடமும் கேட்காமல் சுயேச்சையாக மனுத்தாக்கல் செய்துவிட்டு வந்து நின்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

“ஜெயிக்கிறதுக்கு நிக்கல. பட்டாங்கிற பேச்ச ஒருத்தனாவது பெரிய தெருவுல பேசணும்ல” என்றார் அப்பா.

கிடைத்த சின்னம் மின்விசிறி. கரண்டே வராத தெருக்காரருக்கு மின்விசிறி! அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே சைக்கிளில் மைக்கைக் கட்டிக்கொண்டு அப்பாவோடு தொகுதி முழுக்கச் சுற்றியவரும் அவர்தான். பெரிய தெருவைக் கடைசி நாளுக்கு வைத்திருந்தார்கள். அன்று நடந்ததை மாமா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

எங்கள் ஆட்கள் மிராசுதார் வீட்டுக்குப் போனால் கொல்லைப்புறமாகத்தான் போவார்கள். கூலி நெல் வாங்குவதும் அங்கேதான், ஏச்சு வாங்குவதும் அங்கேதான். அப்பா நோட்டீசும் கையுமாக வந்தவர், யோசிக்காமலே மாட்டுக்கொட்டகைச் சந்துக்குள் திரும்பிவிட்டார். பின்னால் போன மாமாவுக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. கிணற்றடியில் நின்ற மிராசுதார் வீட்டு அம்மாள், கூலிதான் அளந்தாச்சே, இன்னும் என்ன என்று கேட்டார். அப்போதுதான் அப்பாவுக்கு உறைத்தது.

“பழக்கத்துல இந்தப் பக்கம் வந்துட்டேங்கம்மா. ஓட்டுக் கேக்க வந்தவன் இங்க நிக்கக் கூடாது. வாசலுக்கு வரேன், அய்யாவ வரச் சொல்லுங்க.”

மாமா பயந்துபோய்ச் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார். அப்பா சுற்றிக்கொண்டு போய் வாசலில் நின்றார். மிராசுதார் வெளியே வந்தார். குடியிருக்கும் மனைக்குப் பட்டா கேட்டு நிற்கிறேன், உங்கள் ஓட்டையும் கேட்கிறேன் என்று சொல்லி அப்பா நோட்டீசை நீட்டினார். அவர் வாங்கவில்லை. திரும்பி உள்ளே போய்விட்டார்.

அப்பா தோற்றார்; டெபாசிட்டும் போயிற்று. அந்த வயலில் அவருக்கு அதன் பிறகு வேலை கிடையாது. நாகப்பட்டினம் பக்கம் அறுவடைக்குப் போய்த்தான் எங்களை வளர்த்தார். ஆனால் அடுத்த தேர்தலில் இரண்டு பெரிய கட்சிக்காரர்களும் பெரிய தெருவிலேயே மைக் பிடித்துப் பட்டா தருகிறோம் என்றார்கள். ஆட்சி மாறியது, மறுபடியும் மாறியது. அப்பா தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தார். கடைசியில் தெருவுக்கே பட்டா வந்தது.

அந்த மனையில் கல்வீடு கட்டியபோது அப்பா கொல்லைப் பக்கம் வாசலே வைக்க விடவில்லை. காற்று வராது என்று கொத்தனார் சொல்லிப் பார்த்தார். மீன் கழுவிய தண்ணீரையும் முன்வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டவா என்று அம்மா சண்டை பிடித்தார்.

“நம்ம வீட்டுக்கு வர்றவங்க யாரும் பின்பக்கம் வந்து நிக்கக் கூடாது” என்று அப்பா முடித்துவிட்டார். அம்மா மட்டும் முடிக்கவில்லை. அந்தச் சண்டை அப்பாவின் கடைசி தீபாவளி வரைக்கும் நடந்தது.

படுக்கையில் விழுந்த பிறகு வாசல் தெரியும்படி கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னார். பேச முடியாத நிலையிலும், யார் வந்தாலும் உள்ளே வரும்படி கையசைத்தார். அவர் போன அன்று மிராசுதார் வீட்டு அம்மாள் தள்ளாத வயதில் மகன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டார். அம்மா எழுந்து போய், “வாங்க” என்று அழைத்து வந்தார். எனக்கு அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வெடித்தது.

ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த மாமாவுக்கும், இரவு பகல் துணையிருந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும், அப்பாவைத் தோளில் சுமந்த தெரு மக்களுக்கும், எங்கள் வாசல் மிதித்து வந்து ஆறுதல் சொன்ன அனைவருக்கும் எங்கள் குடும்பம் நன்றியோடு கைகூப்புகிறது.

அம்மாவுக்கு இப்போது முழங்கால் வலி. பின்சுவரை இடித்து ஒரு கதவு வைத்துவிடலாம் என்று தம்பி போன வாரம் கொத்தனாரையே கூட்டி வந்துவிட்டான். இத்தனை வருஷமாக அதற்காகச் சண்டை போட்ட அம்மா, சுவரை மறித்து நின்றுகொண்டார்.

“வேணாம்டா. அவரு வெச்ச வாசல் போதும்.”