லொறிக்கு ஆகாத பெட்டரி

பிள்ளைகளே, நம்முடைய வேனில் இரண்டு பெட்டரி எதற்கு என்று பள்ளிக்கூடத்தில் யாரோ கேட்டார்களாம். உங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லையாம். அம்மா சொன்னார். வாயால் சொல்லப் போனால் எனக்குப் பாதியிலேயே கோபம் வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதி வைக்கிறேன். ஆண்டு ஒன்பதோடு நின்றவன் நான். பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

நான் கொழும்பில் ஒரு கம்பனிக்குச் சாமான் வேன் ஓட்டிக்கொண்டிருந்தது பெரியவனுக்கு ஞாபகம் இருக்கும். மாதத்துக்கு ஒரு தடவைதான் வீட்டுக்கு வருவேன். சின்னவள் என்னைக் கண்டதும் அம்மாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். இரண்டாம் நாள்தான் பக்கத்தில் வருவாள். மூன்றாம் நாள் நான் பஸ் ஏறிவிடுவேன். இது போதும் என்றுதான் ஒரு பழைய வேனை வாங்கிக்கொண்டு நம் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, இங்கே வேன் இல்லாத ஆளைத் தேட வேண்டியிருக்கிறது என்று. வாடகைக்கு ஓட்டலாம் என்றால், பதுளை ஆஸ்பத்திரிக்கு ஒரு ஹயர், பண்டாரவளையில் கல்யாணத்துக்கு ஒரு ஹயர், பிறகு ஒரு வாரம் வேன் வாசலில் நிற்கும். கொழும்புக் கம்பனியில் என் இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை, மாத முடிவுக்குள் வருகிறாயா இல்லையா என்று சொல் என்று மேற்பார்வையாளர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் அப்புத்தளையில் தங்குமிடம் நடத்துகிற மேடம் கூப்பிட்டார். அவரிடம் வருகிறவர்கள் ஹல்துமுல்லைப் பக்கத்து மலை உச்சியில் கூடாரம் அடித்து இரண்டு ராத்திரி தங்க ஆசைப்படுகிறார்களாம். வேனில் சின்ன ஃப்ரிட்ஜ் இருக்க வேண்டும், லைட் எரிய வேண்டும், போன் சார்ஜ் பண்ண வேண்டும். ஆனால் இஞ்சினை ஓட விடக் கூடாது.

“இஞ்சின் சத்தம் கேக்கவா அவங்க அவ்வளவு தூரம் ஏறி வர்றாங்க? இத சரி பண்ணிட்டீங்கன்னா இந்த சீசன் ஹயர் எல்லாம் உங்களுக்குத்தான். இல்லன்னா பண்டாரவளையில இருந்து ஒரு வேன் எடுத்துக்குவேன்” என்றார்.

ஆக, நான் வீட்டோடு இருப்பதா, திரும்பவும் கொழும்புக்குப் போவதா என்பது ஒரு பெட்டரியில் வந்து நின்றது.

வேனோடு வந்த பெட்டரியிலேயே ஃப்ரிட்ஜை ஓட்டினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஓட்டலாம். மறுநாள் காலையில் மலை உச்சியில் வேன் ஸ்டார்ட் ஆகாது, அவ்வளவுதான். அதனால் இரண்டாவது ஒன்று வேண்டும். அது எந்த மாதிரி என்பதில்தான் என் உயிர் போனது.

முதலில் பதுளையில் ஒரு கடைக்குப் போனேன். எந்த வாகனத்துக்கு என்று கேட்டார்கள். வாகனத்துக்கு இல்லை, வாகனத்துக்குள் வைக்க என்றேன். சரி, எந்த வாகனம் என்று திரும்பக் கேட்டார்கள். வேன் என்றேன். வேன் பெட்டரியைத் தூக்கி மேசையில் வைத்துவிட்டார்கள். அடுத்த கடையில் எல்லாம் ஒன்றுதான், ஸ்டிக்கர்தான் வேறே என்றார்கள். நாம் இருக்கிற லயத்து வீடுகளிலோ, கேட்கவே வேண்டாம். கரண்ட் வருவதற்கு முன்னால் நம் ஆட்கள் எல்லாரும் லொறி பெட்டரியில் டிவி பார்த்தவர்கள்தானே. அதனால் பெட்டரி விஷயத்தில் ஆளாளுக்கு ஒரு படிப்பு உண்டு. தண்ணீர்க் குழாயடியில் நின்ற ஒருவர் கனமாக இருக்கிறதைப் பார்த்து வாங்கச் சொன்னார். இன்னொருவர் சூரிய வெளிச்சத்தில் சார்ஜ் ஆகிற தட்டு போதும் என்றார். அவர் அதைச் சொன்னபோது பனி மூடி, அவருடைய முகமே எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

எல்லாருக்கும் மேலே உங்கள் பெரிய மாமா. அம்மாவின் அண்ணன், தோட்டத்துக் கொழுந்து லொறியைப் பல வருசமாக ஓட்டுகிறவர். அவரிடம் பெட்டரி பற்றிப் பேசுவது கோயில் பூசாரியிடம் சாமி பற்றிப் பேசுகிற மாதிரி, நாம் கேட்டுக்கொண்டு மட்டும்தான் இருக்கலாம். விடியற்காலைக் குளிரில், பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிகிறதுக்குள் ஒரே திருகலில் லொறியை ஸ்டார்ட் பண்ண வைப்பதுதான் நல்ல பெட்டரி என்பது அவர் கணக்கு. மற்றதெல்லாம் தகர டப்பா.

கடைசியில் பண்டாரவளையில் ஒரு முஸ்லிம் நானாவுடைய கடையில்தான் எனக்கு விளங்குகிற மாதிரி ஒருவர் பேசினார். அவர் வாகனத்தைக் கேட்கவில்லை. என்னென்ன ஓட்டப் போகிறீர்கள், எத்தனை மணித்தியாலம், நடுவில் இஞ்சின் ஓடுமா என்று கேட்டார். லொறி பெட்டரி ஒரே மூச்சில் நிறையக் கொடுத்துவிட்டு, இஞ்சின் ஓடத் தொடங்கியதும் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிமட்டம் வரை இறக்கினால் கெட்டுப்போகும். டீப் சைக்கிள் என்று வேறு ஒரு சாதி இருக்கிறது, அதன் தகடுகள் தடிப்பு, நிதானமாக நாள் முழுக்கக் கொடுக்கும், ஆனால் அதையும் பாதிக்குக் கீழே இறக்காமல் வைத்துக்கொண்டால்தான் பல வருசம் உழைக்கும் என்றார்.

உங்களுக்கு விளங்குகிற மாதிரி சொல்கிறேன். பெரிய மாமா கோதுமை மா மூட்டையை ஒரே தம்மில் தூக்கிப் போடுவார், பிறகு வெற்றிலை போட உட்கார்ந்துவிடுவார். அம்மா மூட்டை தூக்க மாட்டார், ஆனால் காலையிலிருந்து மாலை வரை கொழுந்துக் கூடையோடு மலையில் நிற்பார். எனக்கு வேண்டியது அம்மா மாதிரி ஒரு பெட்டரி.

அதிலும் தண்ணீர் ஊற்றுகிற சாதி வேண்டாம், ஆட்கள் இருக்கிற வேனுக்குள் அதன் ஆவி நல்லதில்லை, வளைவில் சிந்தவும் செய்யும், மூடியே இல்லாமல் முழுக்க அடைத்ததை எடுங்கள் என்றார் நானா. எடுத்தேன். கொண்டுவந்து காம்பராவில் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, யாரும் தொடக் கூடாது என்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் தொடவில்லை. உங்களிடம் சொன்னதை மாமாவிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த நாள் நான் கொஸ்லந்தவுக்கு ஒரு ஹயர் போய்விட்டுப் பொழுது சாயத் திரும்பினேன். விடிந்தால் மேடத்துடைய முதல் பயணம். மாமா வாசலிலேயே நின்றார். முகம் பூராவும் சிரிப்பு.

“மாப்பிள்ள, ஒங்கள நல்லா ஏமாத்திட்டானுங்க. நல்ல வேள, நான் பாத்தேன்.”

என்ன பார்த்தீர்கள் மச்சான் என்றேன். சொன்னார். காலையில் அந்தப் பெட்டரியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொழுந்து லொறியில் மாட்டி ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தாராம். அது கிழவன் மாடிப்படி ஏறுகிற மாதிரி முக்கி முனகி நின்றுவிட்டதாம். செத்த பெட்டரி என்று முடிவு கட்டி, தேயிலை இறக்கப் பண்டாரவளைக்குப் போன லொறியிலேயே அதை ஏற்றிக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறார். நானா தொழுகைக்குப் போயிருந்த நேரம். கடையில் இருந்த அவருடைய தம்பியிடம், மாப்பிள்ளைதான் அனுப்பினார் என்று சொல்லி, லொறி பெட்டரியாக மாற்றிக் கொண்டுவந்துவிட்டார்.

காம்பராவுக்குள் போய்ப் பார்த்தேன். நான் வாங்கியதைவிடப் பெரிசு. மேலே தண்ணீர் ஊற்றுகிற ஆறு மூடிகள் வரிசையாக என்னைப் பார்த்தன.

“மச்சான், நான் லொறி ஓட்டப் போறேனா? ஃப்ரிட்ஜ்தானே ஓட்டப் போறேன்?”

“லொறியே ஓடுது, ஒரு ஃப்ரிட்ஜ் ஓடாதா மாப்பிள்ள?”

கூட்டிக் கழித்துப் பார்த்தால் அவர் பேச்சில் ஒரு நியாயம் இருக்கிற மாதிரியே இருக்கும். அதுதான் எனக்கு ஆத்திரம். அம்மாவிடம் முறையிட்டேன். அண்ணன் ஒங்க நல்லதுக்குத்தானே செஞ்சாரு என்றார். கடை பூட்டியாயிற்று. காலையில் முதல் ரயிலுக்கு ஆட்கள் வருகிறார்கள். அதையே மாட்டினேன்.

மாமா லீவு போட்டுவிட்டு, சமையலுக்கு உதவி என்று கூடவே வந்தார். அன்றைக்கு வந்தது கணவன், மனைவி, அந்தம்மாவின் தங்கை என்று மூன்று பேர். மேலே போகிற வழியில் வளைவுக்கு வளைவு அந்தப் பெட்டரியிலிருந்து ஒரு புளிப்பு நாற்றம். கண்ணாடியை இறக்கினால் பனி உள்ளே வந்தது, ஏற்றினால் நாற்றம் நின்றது. அந்தத் தங்கை துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டே வந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் லைட் பளிச்சென்று எரிந்தது. ஃப்ரிட்ஜும் ஓடியது. மாமா ரொட்டி தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். வாய் திறந்து பெருமை பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் ஃப்ரிட்ஜின் சிவப்பு லைட் மினுங்கத் தொடங்கியது. பெட்டரி இறங்கினால் அது தானாக நின்றுவிடும், நின்றது. உள்ளே கோழி, தயிர், வெண்ணெய். மாமா உடனே வேன் சாவியைக் கேட்டார், ஸ்டார்ட் பண்ணி அரை மணித்தியாலம் விட்டால் போதும் என்றார். நான் சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் பூட்டிக்கொண்டேன். இஞ்சின் ஓடக் கூடாது என்பதுதானே பேச்சே. நான் போய் அந்த ஐயாவிடம் நடந்ததைச் சொன்னேன். பரவாயில்லை, பரவாயில்லை என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

மாமா மட்டும் கீழே இறங்கிப் போனார். ரோட்டில் ஒரு திரீவீலரைப் பிடித்து ஹல்துமுல்லைக்குப் போய், மீன் கடையிலிருந்து ஐஸ் வாங்கி, உரப் பையில் கட்டித் தோளில் சுமந்துகொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தார். கோழி தப்பித்தது. தயிர் மட்டும் மறுநாள் வரைக்கும் சூரை மீன் வாசம் அடித்தது. அதையும் அவர்கள் சாப்பிட்டார்கள், பாவம்.

இறங்கி வந்ததும் மேடம் போன் பண்ணினார். அவர்கள் குறை சொல்லவில்லையாம், டிரைவர் கடைசி வரைக்கும் இஞ்சினைப் போடவில்லை என்று பாராட்டக்கூடச் செய்தார்களாம். ஆனாலும் நாற்றத்தையும் தயிரையும் சொல்லாமல் விடவில்லை.

“இன்னும் ஒரே ஒரு ஹயர் தர்றேன். அதுலயும் நின்னுட்டா, நீங்க வருத்தப்படக் கூடாது.”

அன்றைக்கே மாமாவையும் ஏற்றிக்கொண்டு பண்டாரவளைக்குப் போனேன். நானா அவரைத் திட்டுவார், கேட்டுச் சந்தோசப்படலாம் என்று நினைத்தேன். அவர் திட்டியது என்னைத்தான்.

“பெட்டரி பாத்து எடுக்கத் தெரிஞ்ச மனுசனுக்கு, அத ஊட்டுல வச்சிக் காப்பாத்தத் தெரியலியே. நீங்க மொதல்ல ஒரு பூட்டு வாங்கியிருக்கணும்.”

மாமா ஆமாங்க நானா, ஆமாங்க நானா என்று தலையை ஆட்டினார். நம் பக்கத்தில் வேறு யாரும் அந்தச் சாதியைக் கேட்காததால் என்னுடைய பெட்டரி அங்கேயே தட்டில் தூசி பிடித்து இருந்தது. மாமா மாற்றிக் கொண்டுவந்திருந்த லொறி பெட்டரியை நானா சார்ஜில் போட்டு, தேறுமா பார்ப்போம் என்று முணுமுணுத்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார். என்னுடையதையும் முழுக்கச் சார்ஜ் ஏற்றித் தந்தார். கடையிலிருந்து வந்தபோது அது அரைகுறை சார்ஜில் இருந்ததாம். அதைத்தான் குளிரில் லொறியில் மாட்டிச் செத்தது என்று தீர்ப்பு சொல்லியிருக்கிறார் உங்கள் மாமா.

இரண்டாவது பயணத்தில் நான் ஃப்ரிட்ஜைவிட்டு நகரவே இல்லை. இரண்டாம் நாள் காலை ஓடியது. மத்தியானம் ஓடியது. மூன்றாம் நாள் கூடாரத்தைச் சுருட்டுகிற நேரத்திலும் தயிர் சில்லென்று இருந்தது. மாமா ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார். பிறகு பெட்டரிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“எல்லாம் சரி மாப்பிள்ள. ஆனா இதுல லொறி ஸ்டார்ட் ஆகாது.”

ஆகாது மச்சான் என்றேன். அதற்குமேல் எனக்குச் சக்தி இல்லை.

மேடம் அந்த மாதத்து ஹயர்களை எல்லாம் போனில் அனுப்பிவிட்டார். அன்று மத்தியானமே நான் கொழும்புக் கம்பனிக்குப் போன் பண்ணி, இனி வர மாட்டேன் என்று சொன்னேன். சின்னவள் என் மடியில் உட்கார்ந்து வேன் சாவியை ஆட்டிக்கொண்டிருந்தாள். அப்படி என்ன தொழில் கிடைத்துவிட்டது என்று மேற்பார்வையாளர் கேட்டார். கூடாரம், ஃப்ரிட்ஜ், இஞ்சின் போடாமல் ஓடுகிற பெட்டரி என்று விளக்கத் தொடங்கினேன். அவர் நடுவிலேயே மறித்து, “ஓ, பெட்டரிக் கடையா?” என்றார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மறுபடி முதலிலிருந்தா என்று நினைத்ததும் அலுத்துவிட்டது.

ஆமாங்க, கடைதான் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.