மேல் குமிழை யார் திருகியது?

திங்கட்கிழமை காலை சோதனை மேசையின் முன் உட்கார்ந்ததுமே அவளுக்குச் சுருக்கென்றது. மேல் குமிழ் இடம் மாறியிருந்தது. பதினோரு வருடமாக அதன் வெள்ளைக் கோடு மூன்றேகாலில்தான் நிற்கும். இன்று நான்கைத் தொட்டுக்கொண்டு நின்றது.

கேஸ் அடுப்புக்கான ரெகுலேட்டர் செய்யும் தொழிற்சாலை அது. ரெகுலேட்டரைக் குழாயில் மாட்டிக் காற்றை விட்டால், அது வெளியே விடும் அழுத்தம் வோல்ட்டாக மாறி மேசைக்கு வரும். மேசைக்குள் ஒரு சின்ன சர்க்யூட், அதற்கு இரண்டே குமிழ்கள். ஒன்று கீழ் எல்லை, மற்றது மேல் எல்லை. வருகிற வோல்ட் இரண்டுக்கும் நடுவே இருந்தால் பச்சை விளக்கு, தாண்டினால் சிவப்பு. விண்டோ கம்பாரேட்டர் என்பார்கள். சிவப்பு எரிந்ததையெல்லாம் தயவு தாட்சண்யம் இல்லாமல் கூடையில் எறிவதால் அவளுக்கு ‘ரிஜெக்ட் அக்கா’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அந்த சர்க்யூட்டோடு அவளுக்கு இன்னொரு உறவும் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் மேசை பழுதாகி, மெக்கானிக் வருகிறேன் வருகிறேன் என்று இழுத்தடித்தபோது, அவளே திருப்புளியை எடுத்துத் திறந்து சரிசெய்தாள். அதற்கான உதிரிப் பாகத்தை இணையத்தில் தேடும்போதுதான் ஒரு வீடியோ கண்ணில் பட்டது. எங்கோ ஒருவர் அதே சர்க்யூட்டை வைத்து இசை வாசித்துக்கொண்டிருந்தார். மாடுலர் சிந்தசைசராம், தனித்தனிப் பெட்டிகளால் ஆன மின்னிசைக் கருவி. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒவ்வொரு வேலை. ஒயரால் இணைத்துக்கொள்வது நம் இஷ்டம். ‘அட, நம்ம மேசை பாடுமா!’ என்று வாயைப் பிளந்தவள், ஒவ்வொரு பெட்டியாகச் சேர்த்துப் படுக்கையறை அலமாரியின் மேல் அடுக்கிவிட்டாள்.

மெதுவாக ஏறி இறங்கும் மின் அலை ஒன்றை விண்டோ கம்பாரேட்டருக்குள் விடுவாள். எல்லைக்குள் இருக்கும்வரை மணி ஒலிக்கும். கீழே போனால் சலங்கைச் சத்தம், மேலே போனால் கனமான டிரம். ஒரே அலையை வைத்து மூன்று பேர் வாசிப்பதுபோல் இருக்கும். பிறகு எல்லைகளையே இன்னொரு அலையால் நகர்த்திப் பார்த்தாள். தாளம் நொண்டியடித்து, தடுமாறி, எதிர்பாராத இடத்தில் வந்து விழுந்தது. துணி துவைக்கும் இயந்திரத்தின் முதுகில் மைக்கை ஒட்டி, அது ரொம்பக் குலுங்காமலும் ரொம்ப அடங்காமலும் சுற்றும்போது மட்டும் மணி அடிக்க வைத்தாள். ஒருநாள் தன் குரலையே உள்ளே விட்டாள். குரல் எல்லை மீறினால் டிரம் இடிக்கும்.

பஸ் ஓட்டுநரான அவள் கணவன் தலையில் கைவைத்துக்கொண்டான். “நீ கத்துறதே போதாதா? இனிமே அதுக்குப் பக்கவாத்தியம் வேறயா?”

ஆகவே, குமிழை யாராவது தொட்டால் அவளுக்குத் தெரியாமல் போகாது. நேராக மேனேஜர் அறைக்குப் போனாள்.

“சார், மேல் குமிழ யாரு திருகினது?”

“நான்தான். ஏன்?”

“மூணேகாலுக்கு மேல போனா தீ எகிறும் சார். ட்யூப் ஜாயிண்ட்ல கேஸ் கசியும்.”

“வெள்ளிக்கிழமை பெரிய லோடு போகணும். உன் கூடைதான் நெரம்பி வழியுது. கொஞ்சம் விட்டுக்குடுத்தா குடி ஒண்ணும் முழுகிடாது.”

“முழுகப்போறது நம்ம குடி இல்லையே சார்.”

மேனேஜர் பேனாவை மூடினார். “நீயும் வீட்டுல பாட்டுப் பெட்டியில இதே குமிழத்தானே திருகுற? உனக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?”

பக்கத்தில் இருந்த கிளார்க் களுக்கென்று சிரித்தார். அவள் மேசைக்குத் திரும்பினாள். பதில் மாலையில், வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் வந்தது. “அங்க திருகினா தாளம் மாறும்யா, இங்க திருகினா வீடு எரியும்!” என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். பக்கத்து இருக்கைக்காரர் ஒதுங்கி உட்கார்ந்தார்.

மறுநாள் குமிழைப் பழைய இடத்துக்கே திருப்பினாள். பத்து நிமிடத்தில் மேனேஜர் வந்து மறுபடி ஏற்றி, இரண்டு குமிழ்களின் மேலும் டேப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். முதலாளிக்கு அவள் எழுதிய கடிதம் மேனேஜர் மேசையைத் தாண்டவில்லை. பச்சை எரிந்தாலும், திரையில் எண் கூடுதலாகத் தெரிந்ததையெல்லாம் கூடையில் போட்டாள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கூடை காலி. நானூறு ரெகுலேட்டர்களோடு ஒரு சின்ன லோடு அன்றே கிளம்பியும்விட்டது. அவளுடைய தங்கை வீட்டு அடுப்பில் இருப்பதும் இதே கம்பெனி ரெகுலேட்டர்தான்.

வியாழக்கிழமை மதியம் கம்பெனியின் ஆண்டு விழா. முதலாளியும், சரக்கு வாங்கும் கம்பெனியின் அதிகாரி அம்மாவும் வருகிறார்கள். ஊழியர்களின் திறமையைக் காட்ட வேண்டுமாம். மேனேஜரே வந்து, “உன் பீப் பீப் பெட்டியக் கொண்டா. அஞ்சு நிமிஷம் வாசி, போதும்” என்றார்.

“கொண்டுவரேன் சார்,” என்றாள்.

சோதனை மேசை ஒவ்வோர் அளவையும் பதிந்துவைக்கும். மூன்று நாள் பதிவை பென் டிரைவில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அந்த எண்களை வரிசையாக வோல்ட்டாக மாற்றி சிந்தசைசருக்குள் அனுப்ப வழி செய்தாள்.

பேக்கிங் கூடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். மேல் எல்லையை நான்கில் வைத்துத் தொடங்கினாள். மணி ஒழுங்காக, இதமாக, ஒரே சீராக ஒலித்தது. முதலாளி தலையாட்டி ரசித்தார். மேனேஜர் முகத்தில் பெருமை வழிந்தது.

ஒரு நிமிடம் கழித்துக் குமிழை மூன்றேகாலுக்கு இறக்கினாள்.

டிரம் இடித்தது. இரண்டு மணி, ஓர் இடி. ஐந்து மணி, மூன்று இடி. பேக்கிங் மேசையிலிருந்த தகரப் பெட்டிகள் அதிர்ந்தன. அதிகாரி அம்மா காதைப் பொத்திக்கொண்டு, “என்னங்க இது, இப்படி அடிக்குது?” என்றார்.

அவள் மைக்கை எடுத்தாள். “ஒவ்வொரு அடியும் ஒரு ரெகுலேட்டர் மேடம். திங்கட்கிழமையிலிருந்து நாங்க சோதிச்சது. இப்பக் கேட்ட எதையும் அடுப்புல மாட்டக்கூடாது. எல்லாத்தையும் பாஸ் பண்ணிப் பெட்டியில போட்டிருக்கோம். அதோ, உங்களுக்குப் பின்னாடி அடுக்கியிருக்கு.”

“அக்காவுக்கு உடம்பு சரியில்ல,” என்று மேனேஜர் எழுந்து ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினார்.

“மேசையில வந்து பாருங்க. மேல் எல்லைய ஏத்திட்டு ஒட்டின டேப் மேல யாரு கையெழுத்துன்னு பாருங்க!” ஒயர் போன பின்பும் அவள் குரல் கூடத்தின் கடைசி வரிசைவரை கேட்டது.

அதிகாரி அம்மா எழுந்து சோதனை மேசைக்கு நடந்தார். ஒரு பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, பழைய எல்லையில் பன்னிரண்டு ரெகுலேட்டர்களைத் தன் கண் முன்னால் மாட்டிப் பார்க்க வைத்தார். ஐந்துக்குச் சிவப்பு எரிந்தது. பெரிய லோடு வாசலைத் தாண்டவில்லை.

மேனேஜரை வேலையை விட்டு நீக்குவார்கள் என்று கூடமே பேசிக்கொண்டது. நடந்தது வேறு. அவரை விற்பனைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அவளுக்கு ஒரு மெமோ வந்தது: அனுமதியின்றி அலுவலகப் பதிவுகளை எடுத்த குற்றம். அதைப் படித்தபோது காது மடல்வரை சூடேறியது. கையெழுத்துப் போடும் இடத்துக்குக் கீழே, “எடுத்தது நான்தான். தேவைப்பட்டால் மறுபடியும் எடுப்பேன்” என்று எழுதிக் கொடுத்தாள். முதலாளி அதை ஃபைலில் வைத்தார். அவளை அந்த மேசையிலிருந்து நகர்த்த மட்டும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

முதலில் போன நானூறில் இருநூற்று அறுபது திரும்பி வந்தன. மீதி கடைகளிலும் வீடுகளிலுமாகக் கிடக்கிறது. கம்பெனி ஓர் அறிவிப்பு வெளியிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டது. அவளால் முடியவில்லை. விடுமுறை நாட்களில் கணவனை அழைத்துக்கொண்டு அடுப்புக் கடை கடையாக ஏறி இறங்குகிறாள். போன வாரம்வரை முப்பத்தொன்பது கிடைத்திருக்கின்றன.

கடைசியாகப் போன கடையில், கடைக்காரர் ஸ்டூலை விட்டு எழவே இல்லை. “பொருள் நல்லாத்தான் போகுது. உங்களுக்கு எதுக்கும்மா இவ்வளவு கோவம்?”

“கோவத்த அப்புறம் பேசலாம்,” என்றாள். “மொதல்ல பெட்டியில இருக்கிற நம்பரக் காட்டுங்க.”

அவள் கணவன் அதற்குள் ஏணியில் ஏறி மேல் தட்டைத் துழாவத் தொடங்கியிருந்தான்.