படத்தில் இல்லாத தெரு

எங்கள் தீவில் ஜங்லிகாட் கடலோரத்தை அழகுபடுத்தப் போவதாகச் சொல்லி, போன வருடம் எங்களைக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். அதிகாரி ஒருவர் ஆங்கிலத்தில் பேசியபடியே திரையில் படம் காட்டினார். நடைபாதை, பூங்கா, கண்ணாடி ஓட்டல். என் வீடும் தையல் கடையும் இருக்கிற தெருவில் பச்சைப் புல் முளைத்திருந்தது.

எழுந்துபோய் மைக்கை வாங்கினேன். "சாப், இஸ்மே ஹமாரா கலி கிதர் ஹை?" எங்கள் தெரு எங்கே என்றுதான் கேட்டேன்.

"யே சிர்ஃப் டிசைன் ஹை. பைட்டியே" என்றார் அதிகாரி. இது வெறும் வரைபடம்தானாம், உட்கார வேண்டுமாம்.

நான் உட்காரவில்லை. மைக்கை அணைத்துவிட்டார்கள்.

அப்போது, முன்பின் தெரியாத ஒரு வங்காளி மீன்காரப் பெண் பின்வரிசையில் எழுந்து அதே கேள்வியை உரக்கக் கேட்டார். அடுத்து ஒரு தெலுங்கு ஆட்டோக்காரர். பிறகு மண்டபமே கேட்டது. பதில் வராமல் நகர மாட்டோம் என்று வாசலை மறித்து உட்கார்ந்தோம்.

அதிகாரி வெகுநேரம் யார் யாருக்கோ போன் செய்தார். கடைசியில், தெருவைச் சேர்த்து வரைந்துகொண்டு மறுபடி வருவதாக இந்தியில் அறிவித்தார்.

வந்தார்கள். புதிய படத்தில் எங்கள் தெரு மெல்லிய கோடாக இருந்தது. பாதி வீடுகள் இன்னும் இல்லை. விடுவதாக இல்லை நாங்கள்.

எங்களுக்கும் நல்ல சாக்கடை வேண்டும், குடிதண்ணீர் வேண்டும். அவை வரும்போது இந்தத் தெருவில் நாங்களும் இருப்போம்.